தூங்காத பச்சைப் புள்ளி

அண்ணன் இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அம்மாவின் போனில் அவன் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி மட்டும் இன்னும் அணையவில்லை.

அது அவன் கம்பெனி ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வைத்திருக்கும் செயலி. வேலையில் உட்கார்ந்துவிட்டால் அண்ணன் வேறு எந்த அழைப்பையும் எடுக்க மாட்டான். "இதுல போடும்மா, உடனே பாப்பேன்" என்று அவன்தான் அம்மாவின் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தான். புள்ளி பச்சையாக இருந்தால் ஆள் விழித்திருக்கிறான். சாம்பல் நிறமானால் கணினியை மூடிவிட்டான், படுக்கப் போகிறான். அம்மா புரிந்துகொண்டது அவ்வளவுதான். புள்ளி சாம்பலான பிறகுதான் அவளும் தலையைச் சாய்ப்பாள்.

கடைசி மாதத்தில் அது சாம்பலாகவே இல்லை. ஒரு விடியற்காலையில், வேலையை முடித்துவிட்டு வீட்டுக்கு வரும் வழியில், அண்ணன் வண்டியை ஓட்டிக்கொண்டே கண் அசந்துவிட்டான். சாலையில் வேறு வண்டியே இல்லை என்றார்கள். அவனைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து அம்மா போனை எடுத்துப் பார்த்தாள். பச்சை.

அம்மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சித்தி ஊரெல்லாம் சொன்னாள். அப்படியெல்லாம் இல்லை. "போனவன் போயிட்டான், எனக்குத் தெரியாதா?" என்பாள் அம்மா. "ஆனா முழிச்சிட்டு இருக்கானேடி. அங்க போயும் தூங்கலையே."

அதனால் அம்மாவும் தூங்கவில்லை. சுவரில் சாய்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விடிந்ததும் சட்டை தைக்கும் ஆலைக்குப் போவாள். அவளுக்குக் காலர் தைக்கிற வேலை. போன வாரம் தையல் ஊசி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கி நகத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. கண் அசந்திருக்கிறாள். மருத்துவர் கட்டுப் போட்டுவிட்டு, "தூங்குங்கம்மா, அடுத்த தடவை விரலோட போகாது" என்றார். சூப்பர்வைசர் அதையே வேறு மாதிரி சொன்னார்.

அண்ணனைக் கொண்டுபோன தூக்கம் அம்மாவின் வாசலிலும் வந்து நிற்பது போல எனக்கு இருந்தது.

ஒருமுறை அவளுக்குத் தெரியாமல் செயலியை அழித்துப் பார்த்தேன். ஆலையிலிருந்து வந்தவள் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அவனை எங்கடி விட்ட?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இன்னொரு முறை கேட்க என்னால் ஆகாது. உடனே திரும்ப ஏற்றிவிட்டேன். புள்ளி அணைவதாக இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து அணைய வேண்டும். அவனே அணைத்த மாதிரி.

அந்தப் பக்கத்தில் இருப்பவர் நெட்டை அண்ணன். அண்ணனின் கூட்டாளி. இரண்டு பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துதான் அந்தக் கம்பெனியைத் தொடங்கினார்கள். எங்கள் கதவு நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. "இவனுக்காக வீட்டை இடிச்சா கட்ட முடியும்?" என்று சொல்லி, அம்மா மேல்கட்டையில் ஒரு பழைய துணியை மெத்தை போல மடித்து ஆணி அடித்து வைத்தாள். அண்ணன் போன பிறகு அவர் வரவே இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. ஒருநாள் கம்பெனி வாசல் வரை போனேன். காவலாளி, "யாரைப் பாக்கணும், எதுக்கு?" என்று கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. திரும்பி வந்துவிட்டேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். நடந்து வருவதே தெரியாது என்று அண்ணன் எனக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தான்.

அப்போதுதான் கணினி டீச்சர் வகுப்பில் அறிவித்தார். பெரிய தொழில்நுட்பக் கம்பெனி தொடங்கியவர் ஒருவரை நாங்கள் எல்லோரும் நேரில் போய்ப் பார்க்கப் போகிறோம். ஆளுக்கு ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும். ஆளுக்கு ஒரு பாடம் கற்றுக்கொண்டு வர வேண்டும். அவர் சொன்ன கம்பெனியின் பெயர் அண்ணன் வைத்த பெயர்.

"நீயும் கேக்கணும்" என்று டீச்சர் என்னைப் பார்த்துச் சொன்னார். "தலையாட்டினா கணக்குல சேராது."

"மிஸ், அவளுக்கும் சேத்து நானே கேட்டுடறேன்" என்றாள் வானொலி. எங்கள் வகுப்பில் நிறுத்த ஆளில்லாமல் பேசுகிறவள் அவள்தான்.

"உன்னைக் கேக்காம இருக்க வைக்கத்தான்மா எனக்கு வழி தெரியலை" என்றார் டீச்சர்.

கம்பெனி ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. நீளமான கூடம். வரிசையாக மேசைகள். மருந்துக் கடையிலிருந்து வீட்டுக்கு மருந்து கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. முக்கியமாக, குளிரிலேயே இருக்க வேண்டிய ஊசி மருந்துகள். எந்தக் குளிர்ப்பெட்டி எந்தத் தெருவில் போகிறது, உள்ளே எவ்வளவு குளிர் இருக்கிறது என்று சுவரில் ஒரு பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு திரை. வேலை பார்ப்பவர்களின் பெயர்கள், பெயருக்கு ஒரு புள்ளி. சில பச்சை, சில சாம்பல்.

எல்லாருக்கும் மேலே அண்ணன் பெயர். பச்சை.

அம்மாவின் போனில் கடுகளவு இருக்கும் அது இங்கே என் உள்ளங்கை அளவு இருந்தது. அதற்குக் கீழே உட்கார்ந்து ஒரு பெண் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாங்கள் நாற்காலிகளில் உட்கார்ந்ததும், கூடத்தில் இருந்த எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. மேசை மேல் இருந்தவை நண்டு போல நகர்ந்தன. அத்தனை பேரும் ஒன்றாகத் தலை குனிந்து எதையோ தட்டிவிட்டு ஒன்றாக நிமிர்ந்தார்கள். பிஸ்கட் பெண்ணும்தான்.

"என்னக்கா அது?" என்றாள் வானொலி.

"சாப்பிட்டாச்சான்னு கேக்குது."

"யாரு?"

அந்தப் பெண் கட்டைவிரலால் தலைக்கு மேலே காட்டினாள். "அந்த சார்தான். மதியம் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். ஆச்சுன்னு போடணும். போடலன்னா விடவே மாட்டார், கேட்டுக்கிட்டே இருப்பார். உயிரோட இருக்கறவங்களை ஏமாத்திடலாம்மா, அவரை ஏமாத்த முடியாது."

"அப்படின்னா அவர்..."

"நான் சேர்றதுக்கு முன்னாடியே போயிட்டாராம்." அவள் அடுத்த பிஸ்கட்டை எடுத்தாள். "முதல்ல பயமா இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு."

வானொலி அன்றைக்கு முதல் தடவையாக வாயை மூடினாள்.

அந்தக் கேள்வி எங்கள் அம்மாவுடையது. அவள் நாள் முழுக்க அதையே அண்ணனுக்கு அனுப்பிக்கொண்டிருப்பாள். தொல்லை தாங்காமல் அவன் அதை ஒரு நிரலாக எழுதி எல்லோர் மேலும் ஏவிவிட்டான், அம்மா உட்பட. "இப்ப தெரியுதா எனக்கு எப்படி இருக்கும்னு?" என்று சிரித்தான். அம்மா இன்றுவரை இரண்டு வேளையும் பதில் போடுகிறாள். ஆச்சு என்று மட்டும் போட மாட்டாள். ஆச்சுடா கண்ணு, நீ போய்ப் படு.

நெட்டை அண்ணன் வந்தார். உடம்பு வைத்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது. கதவு இங்கே உயரமாகத்தான் இருந்தது. ஆனாலும் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டே நுழைந்தார். என் முகத்தைத் தாண்டி அவர் பார்வை போனது. அடையாளம் தெரியவில்லை. அவர் கடைசியாகப் பார்த்தபோது நான் கவுன் போட்ட பெண்.

நன்றாகப் பேசினார். ஒரு யோசனை எப்படிக் கம்பெனியாகிறது, முதல் வாடிக்கையாளரிடம் எத்தனை வசவு வாங்கினார், முதல் குளிர்ப்பெட்டி ஒரு பழைய மீன் பெட்டி என்பதால் ஊசி மருந்தெல்லாம் எப்படி நாறியது என்று சொல்லும்போது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மீன் பெட்டியை எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் அண்ணன் மூன்று சோப்பு போட்டுத் தேய்த்தான். கதையில் அண்ணன் இல்லை. "ஆரம்பத்துல நாங்க ரெண்டு பேர்" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு எல்லாம் "நான்" ஆகிவிட்டது.

கேள்வி நேரம் வந்தது. வானொலிக்குக் குரல் திரும்பியிருந்தது. "சார், உங்க வெற்றிக்கு ஒரே ஒரு காரணம் சொல்லணும்னா என்ன சொல்வீங்க?"

அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. பலமுறை சொன்ன பதில் போல. "தூக்கம். தூக்கத்தைத் தியாகம் பண்ணோம். ஊரே தூங்கும்போது முழிச்சிட்டு இருந்தோம். நீங்களும் பெருசா ஏதாவது செய்யணும்னா முதல்ல தூக்கத்தை விடுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். எழுதிக்கொண்டார்கள். டீச்சரும்கூட எழுதினார்.

நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. முழங்கால் முன் நாற்காலியில் இடித்தது. என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல வந்தது.

"உங்ககூட தூங்காம இருந்தாரே, அவரு இப்ப எங்க சார்?"

கூடத்தில் விசைப்பலகை தட்டும் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பிஸ்கட் பெண் வாயில் இருந்ததை மெல்லவில்லை. டீச்சர், "ஏய், உட்காரு, இது என்ன கேள்வி?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

நெட்டை அண்ணன் என்னைப் பார்த்தார். முகத்தில் எதையோ தேடினார். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மூக்கு.

"பூனை?" என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

மற்றவர்களைக் குளிர்ப்பெட்டி அறையைப் பார்க்க அனுப்பினார்கள். டீச்சர் போக மாட்டேன் என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார். நெட்டை அண்ணன் என்னைத் தன் அறைக்குள் கூட்டிப்போனார், மேசைக்குப் பின்னால் உட்காரவில்லை. எனக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு முட்டி இடிக்க உட்கார்ந்தார்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"தூங்கறதில்லை."

புள்ளியைப் பற்றிச் சொன்னேன். ஊசியைப் பற்றிச் சொன்னேன். ஒரே மூச்சில் அவ்வளவு நான் யாரிடமும் பேசியதில்லை. அம்மாவின் போனில் அது தெரியும் என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"அதை அணைக்க முடியாதும்மா" என்றார். "உங்கண்ணன் கடைசி மாசம் ஒரு அவசரத்துல இருந்தான். பெட்டியெல்லாம் பாத்துக்கற நிரலுக்குன்னு தனியா ஒரு கணக்கு தொடங்கணும். பொறவு பண்ணிக்கலாம்னு தன் கணக்கையே வச்சிட்டான். அது ராத்திரி பகலா அவன் பேர்லயே ஓடுது, அதான் புள்ளி பச்சை. ஒவ்வொரு பூட்டுக்கும் தன் சாவியவே போட்ட மாதிரி. எங்கெங்க போட்டான்னு எழுதி வைக்கலை. அவன் போன பொறவு ஒருநாள் அவன் கணக்கை மூடினோம். வண்டிக்காரங்க எல்லாம் முகவரி வராம நடுரோட்டுல நின்னாங்க. பெட்டி சூடாயிடுச்சு. ஒரு குழந்தைக்குப் போக வேண்டிய இன்சுலின் வீணாப்போச்சு. அன்னைக்கே அவனுக்குத் திரும்ப உயிர் கொடுத்தோம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திடுக்கிட்டார்.

"அவன்தான் இன்னும் எல்லாத்தையும் ஓட்டறான். நாங்க அவனுக்குக் கீழ வேலை பாக்கறோம். அவ்வளவுதான்."

"கணக்கை மூட வேண்டாம்" என்றேன். "புள்ளி மட்டும்."

அவர் கண்ணாடிக்கு வெளியே திரையைப் பார்த்தார்.

"முடியாதா?"

"முடியும். புள்ளியைக் காட்டாதேன்னு ஒரு டிக் போட்டா போதும். அது சின்ன வேலை."

"அப்ப ஏன் இத்தனை நாளா பண்ணலை?"

அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலைல முதல் ஆளா நான்தான் வருவேன். லைட்டைப் போடறதுக்கு முன்னாடியே அது எரிஞ்சிட்டு இருக்கும். வந்துட்டியாடான்னு கேக்கற மாதிரி இருக்கும். அன்னைக்கு அவனைப் போகச் சொன்னதே நான்தான். வீட்டுக்குப் போய் ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு வாடான்னு நான்தான் அனுப்பினேன்." குரல் இறங்கிவிட்டது. "அதை அணைச்சா, அவன் என்கிட்ட சொல்லிக்காம கிளம்பிட்டான்னு ஆயிடும்."

ஒரு புள்ளிக்கு இத்தனை பேர் கண் விழித்துக் கிடக்கிறோமே என்று இருந்தது.

"அண்ணா, அவன் அசந்துபோயிருப்பான்" என்றேன்.

அவர் எழுந்து கணினியைத் திறந்தார். அண்ணனின் கணக்குக்குள் யாரும் போனதே இல்லை போலும். உள்ளே பதில்கள் மட்டும் மலை மாதிரி குவிந்து கிடந்தன. ஆச்சு. ஆச்சு. ஆச்சு சார். ஆச்சு. நடுநடுவே, ஆச்சுடா கண்ணு, நீ போய்ப் படு. மறுபடி ஆச்சு, ஆச்சு. மறுபடி, இன்னும் என்னடா வேலை, கண்ணு கெட்டுப்போகும். அவர் உருட்டிக்கொண்டே போனவர் அதற்கு மேல் உருட்டவில்லை.

"நீ பண்ணு" என்று மவுஸை என் பக்கம் தள்ளினார்.

சின்னக் கட்டம். அழுத்தினேன். நிச்சயமா என்று கேட்டது. மறுபடி அழுத்தினேன்.

வெளியே பெரிய திரையில் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் படிந்தது. எங்கோ ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் சொல்லவில்லை. பழகிவிட்டது என்று சொன்ன அந்தப் பெண்தான் முதலில் எழுந்தவள். பெட்டிகள் பக்கத்துத் திரையில் தெருத்தெருவாக நகர்ந்துகொண்டே இருந்தன. எதுவும் நிற்கவில்லை.

"கேள்வியையும் நிறுத்திடவா?" என்றார்.

யோசித்தேன். "வேண்டாம். அது அம்மாவோடது."

கிளம்பும் முன் அவர் எங்கள் வகுப்பின் முன் வந்து நின்றார். "தூக்கத்தை விடுங்கன்னு சொன்னேன்ல, எழுதினீங்களா? அதை அடிச்சிடுங்க."

"அடிச்சிட்டு என்ன சார் எழுதணும்?" என்றாள் வானொலி.

அவர் அவள் நோட்டைக் குனிந்து பார்த்தார். "அந்த இடம் காலியா இருக்கட்டும்" என்றார் கடைசியில். டீச்சர்கூடப் பேனாவை எடுத்து அடித்தார்.

படியில் என் பின்னால் வந்து, "அம்மா என் மேல கோபமா இருப்பாங்க, இல்ல?" என்று கேட்டார்.

"தெரியலை. கதவு நிலையில அந்தத் துணி இன்னும் இருக்கு. அழுக்கானா கழட்டித் துவைச்சு மறுபடி அடிக்கறாங்க."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அம்மா ஆலையிலிருந்து வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. நான் விளக்கைப் போடாமல் அடுப்படியில் நின்றேன். செருப்பைக் கழற்றும் சத்தம். கட்டுப் போட்ட விரலை விலக்கி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் பையைத் துழாவும் சத்தம். போனை எடுத்துவிட்டாள். அதன் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

அவனை எங்கடி விட்ட என்று கேட்பாளோ என்று காத்திருந்தேன்.

"பாப்பா."

"ம்."

"சத்தம் போடாத." குரலைத் தாழ்த்திச் சொன்னாள், பக்கத்து அறையில் யாரோ படுத்திருப்பது போல. "தூங்கிட்டான்."

சுவரில் சாய்ந்தவள் அப்படியே சரிந்து தரையில் படுத்தாள். சேலையைக்கூட மாற்றவில்லை. "எவ்வளவு நாள்தான் முழிச்சிருப்பான்" என்று முனகினாள். அடுத்த சொல் பாதியில் நின்றது. மூச்சு சீராக வரத் தொடங்கியது. அவள் தூங்கும் முகத்தை நான் மறந்தே போயிருந்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. அண்ணனும் அப்படித்தான் தூங்குவான்.

அவள் கையில் இருந்த போன் அதிர்ந்தது.

சாப்பிட்டாச்சா?

மெதுவாக உருவி எடுத்தேன். பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் புள்ளி. பதில் போடாமல் வைத்தேன். மறுபடி அதிர்ந்தது. சாப்பிட்டாச்சா? அம்மா புரண்டாள். துணிக்கடியில் மறைத்து வைத்தேன். அங்கேயும் அதிர்ந்தது. வெறும் நிரல்தான் என்று எனக்குத் தெரியும். எல்லாப் பூட்டிலும் அவன் சாவிதான் என்பதுவரை கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனாலும் அந்த இருட்டில், தூக்கத்திலும் விடாமல் கேட்பது அவன் மாதிரியேதான் இருந்தது.

அம்மாவின் போனில் நான் அவனுக்கு எழுதியது இதுவரை இல்லை. எழுதினேன்.

ஆச்சு. அம்மா தூங்கறாங்க. எழுப்பாத.

போன் அடங்கியது.